தொழில், வீடு, சந்ததி: விசுவாசம் கைமாறும் இடம்

ரூத்தின் புத்தகத்தில் இரண்டு நிலக்காரர்கள் வருகிறார்கள். ஒருவர் போவாஸ். இன்னொருவர், நகோமியின் குடும்பத்துக்குப் போவாசைவிட நெருங்கிய உறவுக்காரர். நகோமியின் மறைந்த கணவர் எலிமெலேக்கின் நிலத்தை மீட்கும் முதல் உரிமை அந்த இரண்டாமவருக்குத்தான் இருந்தது. நிலம் கைக்கு வருகிறது என்றதும் மீட்டுக்கொள்வதாக உடனே ஒத்துக்கொண்டார். நிலத்தோடு நகோமியின் விதவை மருமகளான மோவாபியப் பெண் ரூத்தையும் ஏற்று, இறந்துபோன அவள் கணவனின் பெயர் அவன் சுதந்தரத்தில், அதாவது பரம்பரைச் சொத்தில், நிலைக்கும்படி செய்ய வேண்டும் என்று போவாஸ் சொன்னதும் பின்வாங்கிவிட்டார். தன் சுதந்தரத்தைக் கெடுத்துக்கொள்ள முடியாது என்பது அவர் சொன்ன காரணம்.

அவர் போட்ட கணக்கில் தப்பில்லை. ரூத்துக்கு ஒரு மகன் பிறந்தால் நிலம் இறந்தவனின் பெயரில் அந்தப் பிள்ளைக்குப் போய்விடும். பணம் போடுவது இவர், பலன் இன்னொரு பெயருக்கு. இவருக்கு ஏற்கெனவே பிள்ளைகள் இருந்தால் அவர்கள் பங்கும் அந்த அளவுக்குக் குறையும். பொறுப்பான எந்தத் தகப்பனும் இப்படித்தான் யோசிப்பான். ஆனால் தன் சொத்தைக் காத்துக்கொண்ட அந்த மனிதரின் பெயர் வேதத்தில் எழுதப்படவே இல்லை. கணக்குப்படி நஷ்டப்பட்ட போவாசின் பெயரோ ஓபேத், ஈசாய், தாவீது என்று இறங்கி, மத்தேயு முதல் அதிகாரத்தில் இயேசு கிறிஸ்துவின் வம்ச வரலாற்றில் நிற்கிறது.

தொழில் செய்கிற கிறிஸ்தவக் குடும்பங்களில் 'தலைமுறை ஆசீர்வாதம்' என்ற பேச்சு அடிக்கடி வரும். அப்போதெல்லாம் இந்த இருவரில் யாருடைய கணக்கு நம் மனதில் ஓடுகிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். சபைகளில் தொழிலைப் பற்றிய செய்தி தனி, குடும்பத்தைப் பற்றிய செய்தி தனி, ஆசீர்வாதத்தைப் பற்றிய செய்தி தனி. வாழ்க்கையில் மூன்றும் ஒரே இடத்தில்தான் நடக்கின்றன. அப்பா தொழிலாளியிடம் போனில் பேசும் குரலைத்தான் பிள்ளை சாப்பாட்டு மேஜையில் கேட்கிறது. குடும்ப ஜெபத்தில் கேட்டதையும் போனில் கேட்டதையும் அது தன்பாட்டுக்கு ஒப்பிட்டுக்கொள்கிறது. விசுவாசம் அடுத்த தலைமுறைக்குப் போவதும் போகாமல் நிற்பதும் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

போவாஸ் எப்படித் தொழில் நடத்தினார் என்பதை ரூத் 2-ஆம் அதிகாரம் விவரமாகவே காட்டுகிறது. வயலுக்கு வந்ததும் அறுக்கிறவர்களைக் கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகிறார், அவர்களும் திருப்பி வாழ்த்துகிறார்கள். கதிர் பொறுக்க வந்திருக்கும் புதுப் பெண் யார் என்று விசாரிக்கிறார். அவளைத் தொடக்கூடாது என்று வேலைக்காரர்களுக்குக் கட்டளையிடுகிறார். தாகம் எடுத்தால் அவர்கள் மொண்டுவைத்த தண்ணீரையே குடிக்கச் சொல்கிறார். சாப்பாட்டு வேளையில் அறுக்கிறவர்கள் பக்கத்தில் அவளை உட்காரவைக்கிறார். வயலின் ஓரத்தை முழுவதும் அறுக்காமல், சிந்தினதைப் பொறுக்காமல், எளியவனுக்கும் பரதேசியான அந்நியனுக்கும் விட்டுவிட வேண்டும் என்பது லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தின் சட்டம். போவாஸ் சட்டத்தோடு நிற்கவில்லை. அரிகளிலிருந்தே சிலவற்றை வேண்டுமென்று சிந்தவிடச் சொன்னார், அவளை அதட்டக்கூடாது என்றும் சேர்த்துச் சொன்னார். உதவி பெறுகிறவளின் மானமும் காக்கப்பட வேண்டும் என்று யோசித்த முதலாளி அவர்.

இந்தக் குணம் அவருக்கு எங்கிருந்து வந்தது? மத்தேயு ஒரு வரியில் ஒரு துப்புத் தருகிறார்: சல்மோன் போவாசை ராகாபினிடத்தில் பெற்றான். எரிகோவிலிருந்து வந்த அந்நியப் பெண்ணான ராகாப், அடைக்கலம் கேட்டு இஸ்ரவேலுக்குள் வந்தவள். அவள் வம்சத்தில் வந்தவருக்கு, கர்த்தருடைய செட்டைகளின்கீழ் அடைக்கலம் தேடி வந்த இன்னொரு அந்நியப் பெண்ணைப் பார்த்ததும் என்ன தோன்றியிருக்கும்! வேதம் அதைச் சொல்லவில்லை, இது என் ஊகம்தான். ஆனாலும் ஒரு வீட்டின் கதை எப்படி ஒரு வயலின் நடைமுறையாக மாறும் என்பதை யோசிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி. யூபிலி வருஷத்தைப் பற்றிய சட்டம் லேவியராகமம் 25-ல் இருக்கிறது. 50-வது வருஷத்தில் விற்கப்பட்ட நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். நிலம் என்னுடையது, நீங்கள் என்னிடத்தில் பரதேசிகளும் புறக்குடிகளுமாயிருக்கிறீர்கள் என்று கர்த்தர் அதற்குக் காரணம் சொல்கிறார். அப்படியென்றால் விற்கிறவனும் வாங்குகிறவனும் இரண்டு பேருமே குடியிருப்பவர்கள்தான். தேவாலயத்துக்காகப் பொன்னும் வெள்ளியும் குவிந்தபோது தாவீது செய்த ஜெபமும் இதையே சொல்கிறது: உமது கரத்திலே வாங்கி உமக்குக் கொடுத்தோம். நம்மில் பலர் இதைக் காணிக்கை நேரத்து வசனமாக வைத்துக்கொண்டு, நூற்றில் பத்து கர்த்தருக்கு, மீதி தொண்ணூறு எனக்கு என்று பிரித்துவிடுகிறோம். உக்கிராணக்காரனுக்கு, அதாவது இன்னொருவரின் சொத்தைப் பராமரிக்கிறவனுக்கு, அந்தத் தொண்ணூறுக்கும் கணக்கு உண்டு. அது எப்படி வந்தது என்பதும் அந்தக் கணக்கில் சேரும்.

எப்படி வந்தது என்பதில் வேதம் ரொம்பக் கறாரானது. கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்கிறது நீதிமொழிகள். கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் தங்கக்கூடாது என்கிறது லேவியராகமம். பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டது என்கிறார் யாக்கோபு. ஏசாயா 58-ல் ஜனங்கள் உபவாசம் இருந்தும் கர்த்தர் ஏன் பார்க்கவில்லை என்று முறையிடுகிறார்கள். அதே உபவாச நாளில் தங்கள் வேலைகளையெல்லாம் கட்டாயமாய்ச் செய்விக்கிறார்கள் என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த பதில்.

இன்றைக்கு இதை எங்கே வைத்துப் பார்ப்பது? சப்ளையருக்குத் தரவேண்டிய பணம் கையில் இருந்தும் மூன்று மாதம் இழுத்தடிப்பது. விற்பனை வரியைக் குறைத்துக் காட்ட இரண்டு கணக்குப் புத்தகம் வைப்பது. சம்பள நாள் தள்ளிப்போகும்போதும் சபைக் கட்டட நிதிக்கு மட்டும் தவறாமல் கொடுப்பது. கடைசியாகச் சொன்னது கொடை மாதிரித் தெரியும். உண்மையில் அது தொழிலாளியின் பணத்தில் நம் பெயரில் போடும் காணிக்கை. அலுவலகச் சுவரில் வசனம் மாட்டுவதற்கோ காலையில் ஜெபத்தோடு வேலையைத் தொடங்குவதற்கோ நான் எதிரி இல்லை. ஆனால் வேறு நம்பிக்கை உள்ள ஊழியர், வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அந்த ஜெபத்துக்கு வந்து நிற்கிறார் என்றால் அது சாட்சி ஆகாது. நம் சபைக்காரருக்கு மட்டுமே வேலை, நம் சபைக்காரர் என்பதால் குறைந்த சம்பளம், இரண்டும் பட்சபாதம்தான்.

இப்படி ஒரு வாழ்க்கையைத் தனி ஆளாக இல்லாமல் ஒரு சமூகமாகவே முயன்று பார்த்தவர்கள் இங்கிலாந்தின் க்வேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்ததாலும் அரசுத் திருச்சபையில் சேராததாலும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கதவுகள் அவர்களுக்கு அடைத்திருந்தன. மதச் சோதனைகள் அங்கே பெரும்பாலும் நீங்கியது 1871-ல்தான். அதனால் அவர்களில் திறமைசாலிகள் வியாபாரத்துக்கும் வங்கித்தொழிலுக்கும் போனார்கள். பார்க்ளேஸ் வங்கியின் வேர் அவர்களிடம்தான் இருக்கிறது. உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள் என்ற இயேசுவின் வார்த்தையை அவர்கள் விலை சொல்வதிலும் கடைப்பிடித்தார்கள். பேரம் பேசித்தான் எதையும் வாங்க முடியும் என்றிருந்த காலத்தில் ஒரே விலை சொன்னார்கள். குழந்தையை அனுப்பி வாங்கினாலும் அதே விலை என்றதும் ஜனங்கள் அந்தக் கடைகளைத் தேடிப் போனார்கள்.

நான் வியக்கிறது அதைவிட அவர்களுடைய கண்டிப்பைத்தான். ஒருவர் தன் சக்திக்கு மீறிக் கடன் வாங்கித் தொழில் செய்தால் சபையின் மூப்பர்கள் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். கடனைத் தீர்க்க முடியாமல் போனால் உறுப்பினர் உரிமையே போய்விடலாம். நியூகேட் சிறையில் பெண் கைதிகளுக்காக உழைத்த எலிசபெத் ஃப்ரையின் கணவருடைய வங்கி 1828-ல் நொடித்தபோது, அவ்வளவு மதிப்புள்ள குடும்பம் என்றும் பார்க்காமல் அவரை நீக்கிவிட்டார்கள். இதில் இரக்கம் குறைவு என்று எனக்குத் தோன்றத்தான் செய்கிறது. ஆனால் மற்றவர் பணத்தை இழப்பது ஆவிக்குரிய விஷயம் என்று அவர்கள் நம்பியதை நாம் லேசாகத் தள்ளிவிட முடியாது. இன்று நம் சபைகளில் ஒருவருடைய தொழில் கணக்கைப் பற்றி அன்போடு கேள்வி கேட்கிற அளவுக்கு யாருக்கும் உரிமை கொடுத்திருக்கிறோமா?

க்வேக்கர் குடும்பங்களில் காட்பரி குடும்பத்தின் கதை நம் விஷயத்துக்கு ரொம்ப நெருக்கமானது. ஜான் காட்பரி 1824-ல் பர்மிங்ஹாமில் ஒரு சின்னக் கடையில் தேயிலையும் காப்பியும் குடிக்கிற சாக்லேட்டும் விற்கத் தொடங்கினார். 1861-ல் தொழில் தள்ளாடிக்கொண்டிருந்தபோது மகன்கள் ரிச்சர்டும் ஜார்ஜும் பொறுப்பேற்றார்கள். ஜார்ஜ் ஞாயிறு காலைகளில் ஏழைத் தொழிலாளர்களுக்கு எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுக்கிறவர், அதனால் அவர்கள் குடியிருந்த இருட்டுச் சந்துகள் அவருக்குப் பழக்கம். 1879-ல் தொழிற்சாலையை நகருக்கு வெளியே போர்ன்வில்லுக்கு மாற்றினார்கள். 1893-ல் ஜார்ஜ் அதன் பக்கத்தில் 120 ஏக்கர் வாங்கித் தோட்டத்தோடு கூடிய வீடுகளைக் கட்ட ஆரம்பித்தார். தன் தொழிலாளிகளுக்கு மட்டும் என்று ஒதுக்காமல் மற்றவர்களுக்கும் கொடுத்தார். 1900-ல் அந்த நிலத்தையும் வீடுகளையும் ஒரு அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். தன் பிள்ளைகளுக்குப் போயிருக்க வேண்டிய பெரும் சொத்தை, தான் உயிரோடு இருக்கும்போதே, அவர்கள் கண் முன்னாலேயே கையைவிட்டு அனுப்பினார். 2010-ல் காட்பரி நிறுவனத்தை கிராஃப்ட் வாங்கியது. போர்ன்வில் அறக்கட்டளை இன்றும் வீடுகளைப் பராமரித்துக்கொண்டிருக்கிறது.

இதே குடும்பத்தின் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இது வெறும் புகழ்ச்சியாகிவிடும். போர்ச்சுகீசியர் ஆண்ட சாவோ தோமே தீவில் விளைந்த கோகோ அடிமை உழைப்பில் விளைகிறது என்ற செய்தி 1901-ல் வில்லியம் காட்பரிக்கு எட்டியது. விசாரித்தார்கள், ஆள் அனுப்பிப் பார்த்தார்கள், அரசாங்கங்களிடம் பேசினார்கள். அதுவரை அந்தக் கோகோவை வாங்கிக்கொண்டும் இருந்தார்கள். நிறுத்தியது 1909-ல். ஒரு பத்திரிகை இதைக் கடுமையாகத் தாக்கி எழுத, காட்பரி நிறுவனம் அவதூறு வழக்குப் போட்டது. நடுவர்கள் காட்பரி பக்கம்தான் தீர்ப்புச் சொன்னார்கள், ஆனால் நஷ்டஈடாகக் கொடுக்கச் சொன்னது ஒரே ஒரு ஃபார்த்திங், கால் பென்னி. உள்ளே இருந்து மாற்ற முயன்றோம் என்று அவர்கள் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. இருந்தாலும் எட்டு வருஷம் என்பது தோட்டத்தில் சாகிறவனுக்கு முழு ஆயுசு. தொழிற்சாலைக்குள் நல்ல முதலாளியாக இருப்பவர், தன் கண்ணுக்குத் தெரியாத சங்கிலியின் மறுமுனையில் இருப்பவனுக்கு என்னவாக இருக்கிறார் என்ற கேள்வி அங்கிருந்து நம்மிடம் வந்து நிற்கிறது. போவாஸ் காலத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் ஒரே வயலில் கண் முன்னால் இருந்தார்கள். இப்போது அப்படி இல்லை, அதனால் பொறுப்பு குறைந்ததாகவும் நான் நினைக்கவில்லை.

சரி, சந்ததிக்கு வருவோம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி தன் முதுமையில் கலக்கத்தோடு எழுதிய ஒன்று உண்டு. மெய்யான பக்தி உழைப்பையும் சிக்கனத்தையும் பிறப்பிக்கிறது. அவை செல்வத்தைக் கொண்டுவருகின்றன. செல்வம் பெருகப் பெருகப் பெருமையும் உலக ஆசையும் பெருகிப் பக்தி வெறும் வடிவமாகிவிடுகிறது. இந்தச் சுழலிலிருந்து தப்ப அவர் கண்ட ஒரே வழி, சம்பாதிக்கிற அளவுக்குக் கொடுப்பது. வருமானம் ஏறியபோதும் வாழ்க்கைச் செலவை ஏற்றாமல் அவரே அதைச் செய்தும் காட்டினார். முதல் தலைமுறை ஜெபித்துச் சம்பாதிக்கும், இரண்டாவது ஜெபத்தை நினைவில் வைத்திருக்கும், மூன்றாவதுக்குச் சொத்து மட்டும் மிஞ்சும் என்று சபைகளில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். நியாயாதிபதிகள் 2:10 சொல்வதும் இதுதான். யோசுவாவின் காலத்து ஜனங்கள் மறைந்த பிறகு, கர்த்தரையும் அவர் செய்த கிரியைகளையும் அறியாத வேறொரு சந்ததி எழும்பிற்று. அந்தச் சந்ததியின் கையில் தேசம் இருந்தது. எப்படிக் கிடைத்தது என்ற கதைதான் இல்லை.

கதை சொல்வது என்றால் வெற்றிக் கதையை மட்டும் சொல்வதாக எடுத்துக்கொள்கிறோம். உபாகமம் 6, வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளோடு பேசச் சொல்கிறது. நாங்கள் எகிப்தில் அடிமைகளாயிருந்தோம் என்றுதான் அந்தப் பேச்சு தொடங்க வேண்டும். தொழில் படுத்துவிட்ட வருஷம், கடன்காரருக்குப் பயந்த நாட்கள், லஞ்சம் கொடுக்காததால் கைநழுவிய ஒப்பந்தம், யாரோ ஒருவர் செய்த உதவி, ஒரு கூட்டாளியிடம் கேட்ட மன்னிப்பு. இவற்றையெல்லாம் பிள்ளைகளிடமிருந்து மறைத்துவிட்டு, வளர்ந்த கம்பெனியை மட்டும் கையில் கொடுத்தால், அது தங்களுக்கு உரியது என்று அவர்கள் நினைப்பதில் ஆச்சரியம் என்ன? ஏன் கொடுக்கிறோம், யாருக்குக் கொடுக்கிறோம் என்று முடிவெடுக்கும்போது பதினைந்து வயதுப் பிள்ளையையும் கூட உட்கார வைக்கலாம். அது நூறு அறிவுரைக்குச் சமம்.

இதில் பெரியவர்கள் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. சொத்தைக் கொடுப்பதும் பொறுப்பைக் கொடுப்பதும் ஒன்று என்று நினைத்துவிடுவது. சாமுவேலைப் பாருங்கள். யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன், யார் கையில் பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கினேன் என்று ஜனங்கள் முன்னால் நின்று கேட்க முடிந்தது அவரால். நீர் ஒருவர் கையிலும் ஒன்றும் வாங்கவில்லை என்றே ஜனங்கள் பதில் சொன்னார்கள், அவ்வளவு சுத்தமான கை. அவருடைய பிள்ளைகளோ பொருளாசைக்குச் சாய்ந்து பரிதானம் வாங்கி நியாயத்தைப் புரட்டினார்கள். அந்தப் பிள்ளைகளை நியாயாதிபதிகளாக நியமித்தது யார்? சாமுவேல்தான். மோசேக்கும் கெர்சோம், எலியேசர் என்று இரண்டு மகன்கள் இருந்தார்கள். ஆனால் தலைமை, நூனின் குமாரனாகிய யோசுவாவிடம் போனது. தொழிலிலும் அப்படித்தான் யோசிக்க வேண்டும். பிள்ளைக்குச் சுதந்தரத்தில் பங்கு இருக்கலாம். அதற்காக நாற்காலியும் அவனுக்கே என்று எந்த வசனமும் சொல்லவில்லை. குடும்பத்துக்கு வெளியே இருக்கும் ஒரு நேர்மையான மேலாளர் பல குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறார். வேறு அழைப்பு உள்ள பிள்ளையை விட்டுவிடுவதும் அந்தப் பிள்ளைக்குச் செய்கிற நல்லதுதான். எனக்குப் பின்வருகிறவன் ஞானியோ மூடனோ, யாருக்குத் தெரியும் என்று பிரசங்கி புலம்புகிறார். புலம்பலோடு நிறுத்தாமல் ஏற்பாடு செய்வது நம் கையில் இருக்கிறது.

பங்கு என்றதும் மகள்களைப் பற்றி ஒரு வார்த்தை. எண்ணாகமம் 27-ல் செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் மோசேயின் முன்பாக வந்து நின்று சுதந்தரம் கேட்டார்கள். அவர்கள் பேசுவது சரிதான் என்று கர்த்தரே தீர்ப்புச் சொன்னார். யோபு தன் குமாரத்திகளுக்கு அவர்கள் சகோதரரின் நடுவே சுதந்தரம் கொடுத்தார். வேதத்தைத் தினமும் வாசிக்கிற வீடுகளில் இந்த இரண்டு இடங்களும் உயில் எழுதும்போது மட்டும் மறந்துபோவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உயிலை எழுதாமலே விட்டுவிடுவது அதைவிட மோசம். சுதந்தரத்தைத் தனக்குப் பாகம் பிரித்துத் தரும்படி தன் சகோதரனுக்குச் சொல்லும் என்று ஒருவன் இயேசுவிடம் வந்தான். உங்களைப் பங்கிடுகிறவனாக என்னை வைத்தவன் யார் என்று கேட்டுவிட்டு, பொருளாசையைக் குறித்து எச்சரித்தார். கூட்டத்தின் நடுவில் ஒரு குடும்பச் சண்டை எப்படி வெளியே வந்து விழுகிறது பாருங்கள்! கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று பெற்றோர் எழுதாமல் விட்டதை, பிள்ளைகள் நீதிமன்றத்தில் பல வருஷம் பார்த்துக்கொள்கிறார்கள். யாருக்கு எவ்வளவு, ஏன், ஊழியத்துக்கு எவ்வளவு, யார் நிர்வாகம், கருத்து வேறுபாடு வந்தால் யாரிடம் போவது என்று உயிரோடு இருக்கும்போதே எல்லாரையும் உட்காரவைத்துப் பேசிவிடுவது அன்பின் வேலை. ஊழியத்துக்குக் கொடுக்கிறேன் என்ற பெயரில் வீட்டாரைக் கைவிடுவதும் கூடாது. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லி நிறுத்திக்கொண்டவர்களை இயேசு எப்படிக் கடிந்துகொண்டார் என்று மாற்கு 7-ல் இருக்கிறது.

தொழிலும் சொத்தும் இல்லாதவர்கள் இதையெல்லாம் வாசித்துவிட்டுத் தங்களுக்கு இதில் இடமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன் என்பதற்குமேல் அவரைப் பற்றி ஒன்றும் சொல்லப்படவில்லை. விசுவாசம் வந்தது பாட்டி லோவிசாளிடமிருந்தும் தாய் ஐனிக்கேயாளிடமிருந்தும். அவர்கள் வைத்துப்போன சொத்து என்று ஒன்றுமே குறிப்பில் இல்லை.

பிள்ளைகள் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். கொரிந்துவில் கூடாரம் பண்ணுகிற தொழில் செய்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்ற தம்பதிக்குப் பிள்ளைகள் இருந்ததாக எங்கேயும் எழுதவில்லை. ரோமாபுரியிலிருந்து யூதர்களைக் கிலவுதியு இராயன் துரத்தியபோது ஊரையே விட்டு வந்தவர்கள். அதே தொழில் தெரிந்த பவுலை வீட்டில் சேர்த்துக்கொண்டு ஒன்றாக வேலை செய்தார்கள். எபேசுவுக்குப் போனபோது, பேச்சில் வல்லவனான அப்பொல்லோவை அழைத்துத் தேவனுடைய மார்க்கத்தை அவனுக்கு இன்னும் திருத்தமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு ரோமருக்கு எழுதுகிற பவுல், தன் பிராணனுக்காகக் கழுத்தைக் கொடுத்தவர்கள் என்று அவர்களைக் குறிப்பிட்டு, புறஜாதியாரின் சபைகள் எல்லாமே அவர்களுக்கு நன்றி சொல்வதாக எழுதி, அவர்கள் வீட்டிலே கூடுகிற சபைக்கும் வாழ்த்துச் சொல்லியனுப்புகிறார்.